நாயை வெளியே கூட்டிப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எங்கள் வீட்டில் இருபது வருடங்களுக்கு மேலாக நாய் இருக்கிறது. முதலில் ஒரு லாப்ரடார், அப்புறம் ஒரு ராஜபாளையம், இப்போது மழையில் நனைந்து தெருவோரம் கிடந்த குட்டியாக எடுத்து வந்த செம்பி. சென்னையில் தினமும் இரண்டு வேளை நாயோடு நடப்பதால் வழியில் பார்க்கிறவர்கள் நிறுத்திக் கேட்பார்கள், பெரும்பாலும் இதே கேள்விகள்தான். நான் கால்நடை மருத்துவர் இல்லை, அதனால் மருந்து அளவு எதையும் சொல்லவில்லை. பார்த்ததையும் மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொன்னதையும் எழுதியிருக்கிறேன்.

தினமும் வெளியே கூட்டிப் போய்த்தான் ஆக வேண்டுமா? மொட்டை மாடியில் விட்டால் போதாதா?

போதாது. மாடி அதற்கு மனப்பாடமான இடம், நேற்று இருந்த வாசனைதான் இன்றும் இருக்கும். தெருவில் ஒரு வேலிக்காலை மோந்து பார்த்தாலே ராத்திரி யார் யார் அந்தப் பக்கம் போனார்கள் என்று அதற்குத் தெரிந்துவிடுகிறது. அந்த மோப்பம்தான் அதன் மூளைக்கு வேலை, அது கிடைக்காத நாய்தான் செருப்பைக் கடிக்கும், வாசலில் யார் போனாலும் குரைத்துத் தீர்க்கும். அதனால் இழுத்துக்கொண்டு வேகமாக நடக்காதீர்கள், ஒரு கம்பத்தடியில் இரண்டு நிமிடம் நின்றால் நிற்கட்டும். அந்த நேரம் நாயின் நேரம், போன் சட்டைப் பையில் இருக்கட்டும். மாடியில் விடுகிறவர்கள் கைப்பிடிச் சுவரின் உயரத்தை ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். காக்காயைத் துரத்துகிற வேகத்தில் நாய்க்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று தெரியாது.

குட்டியை எப்போதிலிருந்து தெருவில் நடக்க விடலாம்?

தடுப்பூசி வரிசை முடிந்த பிறகு. ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் முதல் ஊசி, அப்புறம் மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்றாக ஏறக்குறைய 16 வாரம் வரை போகும், இடையில் மூன்று மாதம் ஆனதும் வெறிநோய் ஊசி. அதற்கு முன்னால் தரையில் விட வேண்டாம் என்று சொல்வது குட்டிகளுக்கு உயிரைக் குடிக்கும் வாந்தி பேதியைத் தரும் பார்வோ வைரஸுக்குப் பயந்துதான். நோய் வந்த நாயின் மலத்திலிருந்து மண்ணில் இறங்கி மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், நம் செருப்பில்கூட ஒட்டிக்கொண்டு வரும். ஆனால் நான்கு மாதம் வரை வீட்டுக்குள்ளேயே பூட்டி வைத்தால் பிற்பாடு ஆட்டோ சத்தத்துக்கும் குடைக்கும் தலைக்கவசம் போட்ட ஆளுக்கும் மிரளும். அதனால் கையில் தூக்கிக்கொண்டு போங்கள். தெருமுனையில் பத்து நிமிடம் நின்று பால்காரர், பள்ளிப் பிள்ளைகள், பஸ், மணியடிக்கும் சைக்கிள் எல்லாவற்றையும் பார்க்க விடுங்கள்.

கோடையில் எத்தனை மணிக்குப் போவது?

காலை ஏழுக்குள் திரும்பிவிடுங்கள். மாலையில் ஆறு மணிக்கே வெயில் இறங்கிவிட்டது என்று கிளம்புகிறார்கள், தார்ச் சாலை அப்போதும் சூடாகத்தான் இருக்கும். நாய்க்குச் செருப்பு கிடையாது, அதன் வயிறும் தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில்தான் இருக்கிறது. புறங்கையைச் சாலையில் வைத்து ஏழு வரை எண்ணுங்கள், வைத்திருக்க முடியவில்லை என்றால் நாயும் நடக்கக் கூடாது. மே 4 வாக்கில் தொடங்கும் அக்னி நட்சத்திர நாட்களில் நான் விடியற்காலை ஐந்தரைக்கும் இரவு எட்டரைக்கும்தான் போவது.

நமக்கு உடம்பெல்லாம் வியர்க்கும். நாய்க்குப் பாதத்தில் மட்டும் கொஞ்சம் வியர்க்கும், மற்றபடி மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். கடலோர ஊர்களில் காற்றிலேயே ஈரம் இருப்பதால் மூச்சிரைத்தும் பலன் குறைவு. பக், பிரெஞ்ச் புல்டாக், ஷீட்சூ மாதிரி மூக்கு சப்பையான நாய்களுக்கு மூச்சுப்பாதையே குறுகல், அவற்றுக்கு வெயிலில் கால் மணி நேரமே அதிகம்.

வெயில் தாங்காமல் விழுந்துவிட்டால் என்ன செய்வது?

எங்கள் லாப்ரடாருக்கு நான்கு வயதில் இது நடந்தது. ஒரு ஏப்ரல் ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பதரை மணி, மைதானத்தில் பந்து விளையாட விட்டிருந்தேன். பந்தை எடுத்து வந்தது, நாக்கு வழக்கத்தைவிட நீளமாகத் தொங்கி நுனி அகலமாக இருந்தது, ஈறு செங்கல் நிறத்தில் இருந்தது, எச்சில் கயிறு மாதிரி ஒழுகியது. விளையாட்டு ஆசையில் இன்னொரு தடவையும் ஓடும் என்று நான் மறுபடி எறிந்தேன், பாதி தூரத்தில் பின்னங்கால் மடங்கி உட்கார்ந்துவிட்டது. நாய் தானாக நிறுத்தாது, நாம்தான் நிறுத்த வேண்டும் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

செய்ய வேண்டியது இதுதான்: உடனே நிழலுக்குத் தூக்குங்கள். சாதாரணக் குழாய்த் தண்ணீரை வயிறு, தொடை இடுக்கு, பாதம், கழுத்து எல்லாம் நனையும்படி ஊற்றிக்கொண்டே இருங்கள், அட்டையோ துண்டோ வைத்து விசிறுங்கள். ஈரத் துண்டைப் போர்த்திவிட்டு விடாதீர்கள், கொஞ்ச நேரத்தில் அது சூட்டை உள்ளேயே பிடித்து வைத்துக்கொள்ளும். வாயில் தண்ணீரைத் திணிக்க வேண்டாம், தானாகக் குடித்தால் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். முதலில் குளிர்விப்பது, அதன் பிறகுதான் வண்டி. எழுந்து நடந்துவிட்டாலும் மருத்துவரிடம் போயே ஆக வேண்டும், ஏனென்றால் சிறுநீரகமும் ரத்தமும் கெட்டுப்போவது மறுநாள்தான் தெரியும். நாயின் சாதாரண உடல்சூடு 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட், 104-ஐத் தாண்டினால் ஆபத்து. எங்கள் நாய் பிழைத்தது. தண்ணீர்க் குழாய் பக்கத்தில் இருந்ததுதான் காரணம். இப்போது வாக்கிங் பையில் இரண்டு லிட்டர் பாட்டில் இல்லாமல் நான் படி இறங்குவதில்லை.

வெளியே வந்தாலே கயிற்றை இழுத்துக்கொண்டு ஓடுகிறது. எப்படிப் பழக்குவது?

இழுத்தால் போக முடிகிறது என்பதால்தான் இழுக்கிறது. அது இழுத்த உடனே நீங்களும் பின்னால் நடந்தால், இழுத்தால் வண்டி நகரும் என்று நீங்களே கற்றுக் கொடுக்கிறீர்கள். கயிறு இறுகியதும் நின்றுவிடுங்கள். பேச வேண்டாம், திட்ட வேண்டாம், பதிலுக்கு வெடுக்கென்று இழுக்கவும் வேண்டாம். ஏன் நின்றுவிட்டார் என்று அது திரும்பிப் பார்க்கும், கயிறு ஒரு நொடி தளரும், அந்த நொடியில் 'சரி' என்று சொல்லி நடையைத் தொடருங்கள். பக்கத்தில் ஒட்டி நடக்கும்போது வேகவைத்த கோழித்துண்டு ஒன்றை உங்கள் முழங்காலுக்குப் பக்கத்தில் கொடுங்கள், அப்போதுதான் அந்த இடம் நல்ல இடம் என்று பதியும். முதல் வாரம் உங்கள் வீட்டுக் கேட்டிலிருந்து பக்கத்து வீட்டுக் கேட்டுக்குப் போகவே இருபது நிமிடம் ஆகும், அதுதான் அன்றைய வாக்கிங். செம்பிக்கு ஆறு வாரம் ஆனது. இதில் வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், நீங்கள் நின்று பழக்கி அப்பா இழுத்த இழுப்புக்கெல்லாம் போனால் ஒன்றும் நடக்காது.

செயின், பெல்ட், மார்புப் பட்டை, எது நல்லது?

இழுக்கிற நாய்க்கும் சின்ன நாய்க்கும் மார்புப் பட்டை, மூச்சுக்குழலில் அழுத்தம் விழாது. கழுத்துப் பெல்ட் என்றால் உள்ளே இரண்டு விரல் போக வேண்டும், அதற்கு மேல் தளர்த்தினால் தலையை உருவிக்கொண்டு ஓடும். இரும்புச் செயின் நம் கையைக் கிழிக்கும். ஆறடி நைலான் கயிறே போதும். பித்தானை அழுத்தினால் நீளும் கயிறு நம் ஊர்ப் போக்குவரத்துக்கு வேண்டவே வேண்டாம், நிறுத்துவதற்குள் நாய் சாலை நடுவில் நிற்கும். கழுத்தை இறுக்கும் செயினும் முள் பட்டையும் பயத்தைத்தான் கற்றுக் கொடுக்கும். பைக்கில் உட்கார்ந்துகொண்டு நாயைக் கூட ஓட விடுவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள், பாதம் தேய்ந்து ரத்தம் வந்த நாய்களைப் பார்த்திருக்கிறேன்.

தெரு நாய்கள் சூழ்ந்துகொள்கின்றன. கையில் கம்பு வைத்துக்கொள்ளலாமா?

கம்பை ஓங்கினால் அவை இன்னும் கத்தும், உங்கள் நாயும் சண்டை என்று முடிவு செய்துவிடும். அது அவற்றின் எல்லை, புதிய நாய் வந்தால் குரைத்து விரட்டுவதுதான் அவற்றின் வேலை. பெரும்பாலும் அந்த நான்கு வீடு தூரத்தைத் தாண்டினால் விட்டுவிடும். ஓடாதீர்கள். கயிற்றைக் குட்டையாகப் பிடியுங்கள், ஆனால் விறைப்பாக இழுக்காதீர்கள், கழுத்து இறுகினால் நாய்க்கும் பதற்றம் ஏறும். நேருக்கு நேர் போகாமல் அரைவட்டமாக ஒதுங்கி வந்த வழியே திரும்புங்கள். மிகவும் நெருங்கிவிட்டால் ஒரு பிடி பிஸ்கட்டைத் தூரமாக வீசிவிட்டு நகர்வது கம்பைவிட நன்றாக வேலை செய்கிறது. சண்டை வந்தேவிட்டால் நடுவில் கையை விடாதீர்கள், தண்ணீரை ஊற்றுங்கள், பையையோ குடையையோ இடையில் நுழைத்துவிடுங்கள். நான் தினமும் ஒரே நேரத்தில் ஒரே வழியில் போவதால் எங்கள் வழியில் இருக்கும் ஏழு நாய்களும் இப்போது தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் படுத்துக்கொள்கின்றன.

என் நாய் சாது, யாரையும் ஒன்றும் செய்யாது. கடற்கரையில் அவிழ்த்து விடலாமா?

வேண்டாம். சாதுவான நாயைக் கண்டும் பயப்படும் குழந்தை இருக்கிறது, அது அலறி ஓடினால் விளையாட்டென்று நினைத்து உங்கள் நாய் துரத்தும். 2024 மே மாதம் சென்னை ஆயிரம்விளக்குப் பகுதிப் பூங்கா ஒன்றில் இரண்டு ராட்வைலர்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறின. வளர்க்கிறவர் கையில் கயிறு இல்லாத ஒரு நிமிடம் போதும். பெரிய நாயைப் பத்து வயதுப் பிள்ளையிடம் கொடுத்து அனுப்புவதும் அதே மாதிரிதான், நாயைப் பிடித்து நிறுத்தும் பலம் உள்ளவர்தான் கயிற்றைப் பிடிக்க வேண்டும்.

கடற்கரையில் இன்னொரு விஷயம் உண்டு. ஜனவரி முதல் மார்ச் வரை சென்னைக் கடலோரத்தில் பங்குனி ஆமைகள் ராத்திரியில் வந்து முட்டையிடும், நாய்க்கு அந்த மணம் தெரியும், தோண்டிவிடும். கடல் தண்ணீரைக் குடித்தால் வாந்தி பேதி ஆகும். மீன்முள், தூண்டில் முள், அறுந்த வலை எல்லாம் மணலுக்குள் கிடக்கும். நீளமான கயிறு, முப்பதடி, கட்டி விடுங்கள். 'வா' என்று கூப்பிட்டுப் பழக்கவும் அதுதான் வசதி. தாமதமாக வந்தாலும் வந்ததற்குத் திட்டாதீர்கள், திட்டினால் அடுத்த தடவை இன்னும் தாமதமாக வரும்.

எவ்வளவு மருந்து போட்டாலும் உண்ணி போகவில்லையே?

ஏனென்றால் நாயின் மேல் இருப்பது கொஞ்சம்தான். வயிறு நிரம்பிய பெண் உண்ணி கீழே இறங்கிச் சுவர் வெடிப்பிலும் கதவு நிலையிலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். மருந்தை நாய்க்கு மட்டும் போட்டு வீட்டை விட்டுவிட்டால் மூன்று வாரத்தில் மறுபடி ஏறிவிடும். வெடிப்புகளைப் பூசுங்கள், படுக்கைத் துணியைக் கொதிக்கும் தண்ணீரில் போடுங்கள்.

வாக்கிங் முடிந்து வந்ததும் நான் செம்பியை விளக்குக்குக் கீழே மல்லாத்திப் படுக்க வைத்துப் பார்ப்பேன். முதலில் காது மடிப்பின் உள்பக்கம், அப்புறம் கழுத்துப் பட்டைக்கு அடியில், அக்குள், வாலடி, கடைசியில் ஒவ்வொரு விரலிடுக்கு. சின்ன உண்ணி எள்ளு மாதிரி இருக்கும், ரத்தம் குடித்து ஊதியது சாம்பல் நிறத்தில் ஆமணக்கு விதை மாதிரியே இருக்கும். (ஆமணக்கின் அறிவியல் பெயரில் வரும் 'ரிசினஸ்' என்பதற்கு லத்தீனில் உண்ணி என்றே பொருள்.) சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக, மெதுவாக இழுக்க வேண்டும். மண்ணெண்ணெய் ஊற்றுவது, தீக்குச்சியால் சுடுவது, நகத்தால் நசுக்குவது எதுவும் கூடாது. எடுத்ததைச் சோப்புத் தண்ணீரில் போட்டுவிடுங்கள்.

நாய் இரண்டு நாள் சாப்பிடாமல் சோர்ந்து, ஈறு வெளுத்து, மூக்கில் ரத்தம் எட்டிப் பார்த்தால் அது எர்லிக்கியா, பெபேசியா மாதிரியான உண்ணி பரப்பும் நோயாக இருக்கலாம், ரத்தப் பரிசோதனை உடனே வேண்டும். ஆரம்பத்தில் பிடித்தால் குணமாகும், ஆனால் எர்லிக்கியாவுக்கு மாத்திரை நான்கு வாரம் வரை போகும், பத்தாம் நாள் துள்ளி விளையாடுகிறது என்று நிறுத்திவிடாதீர்கள். வீட்டில் பூனையும் இருந்தால் மருந்து வாங்கும்போதே சொல்லுங்கள், நாய்க்குப் போடும் சில உண்ணி மருந்துகளில் உள்ள பெர்மெத்ரின் பூனையைக் கொன்றுவிடும்.

மழைக்காலத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில் மின்சாரம். ஆண் நாய் காலைத் தூக்குவதே விளக்குக் கம்பத்திலும் மின்வாரியப் பெட்டியிலும்தான், மழையில் அந்தப் பக்கமே போகாதீர்கள். அடுத்து தேங்கிய தண்ணீர். எலியின் சிறுநீர் கலந்திருந்தால் எலிக்காய்ச்சல் வரும், அது நாயிடமிருந்து நமக்கும் வரும். வருடா வருடம் போடும் ஊசியில் அதுவும் சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தேரையைக் கவ்வினால் அதன் தோலிலிருந்து வரும் பால் நாயின் வாயில் எரிந்து நுரை தள்ளும், தலையைக் கீழ்நோக்கிச் சாய்த்து வாயைப் பக்கவாட்டில் நன்றாகக் கழுவிவிட்டு மருத்துவரிடம் ஓடுங்கள். புதர்ப் பக்கம் டார்ச் இல்லாமல் போகாதீர்கள், பாம்பு கடித்த சந்தேகம் இருந்தால் கட்டுப் போடுவது, கீறுவது எல்லாம் வேண்டாம், நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு விஷமுறிவு மருந்து உள்ள இடத்துக்கு நேராகப் போங்கள். அந்த மருந்து எந்த மருத்துவமனையில் இருக்கிறது என்று இன்றைக்கே போன் செய்து தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

தரையில் கிடப்பதையெல்லாம் தின்கிறது.

வாயைப் பிளந்து பிடுங்கினால் அடுத்த தடவை வேகமாக விழுங்கும். வீட்டில் 'விடு' பழக்குங்கள்: ஒரு கையில் சாதாரண பிஸ்கட், இன்னொரு கையில் கோழித்துண்டு, பிஸ்கட்டை விட்டால் கோழி. அது வாயில் வைத்திருப்பதைவிட நம்மிடம் இருப்பது எப்போதும் மேலானதாக இருக்க வேண்டும். பிரியாணி எலும்பு, எலி பாஷாணம் வைத்த வடை, அமாவாசைக்கு உடைத்த பூசணிக்காயும் அதிலிருக்கும் காசும், அரளிச் செடி, எல்லாம் தெருவில் உண்டு. பாஷாணம் தின்றது தெரிந்தால் நேராக மருத்துவமனைக்குப் போங்கள், அறிகுறி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். அந்தப் பொட்டலம் கிடைத்தால் கையோடு எடுத்துப் போங்கள்.

ராஜபாளையம், சிப்பிப்பாறை வைத்திருக்கிறோம். தனிக் கவனம் ஏதாவது?

ராஜபாளையத்தில் பிறவிச் செவிடு நிறைய. எங்களுடையதற்கும் ஒரு காது கேட்காது என்று ஒரு வருடம் கழித்துத்தான் தெரிந்தது, அதுவரை பிடிவாதம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். ஹாரன் கேட்காத நாயைக் கயிறு இல்லாமல் விடவே கூடாது, கைச் சைகையில் பழக்கலாம். வெள்ளைத் தோலும் இளஞ்சிவப்பு மூக்கும் என்பதால் வெயிலில் எளிதில் வெந்துபோகும். சிப்பிப்பாறையும் கன்னியும் வேட்டை நாய்கள், அணிலைக் கண்டால் காது அடைத்துவிடும். தலை கழுத்தைவிட ஒல்லி, சாதாரணப் பெல்ட் உருவிவிடும், அகலப் பட்டை வாங்குங்கள்.

யாரையாவது என் நாய் கடித்துவிட்டால்?

கடித்த இடத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவச் சொல்லுங்கள், இதைவிட முக்கியமான முதலுதவி இல்லை. மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு, காபித்தூள் எதுவும் வைக்கக் கூடாது. உங்கள் நாய்க்கு ஊசி போட்டிருந்தாலும் அவரை அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள், அரசு மருத்துவமனையில் வெறிநோய்த் தடுப்பூசி இலவசம். நாயைப் பத்து நாள் கண்காணிப்பில் வைக்க வேண்டும். வெறிநோய் அறிகுறி தெரிந்த பிறகு காப்பாற்ற ஏறக்குறைய வழியே இல்லை, அதனால் 'லேசான கீறல்தானே' என்ற பேச்சே வேண்டாம். உங்கள் நாயை வேறு நாய் கடித்தாலும் இதே கழுவல், இதே வேகம், ஊசி போட்டிருந்தாலும் மறுபடி போட வேண்டியிருக்கும்.

கடிக்கக்கூடும் என்று சந்தேகம் உள்ள நாய்க்குக் கூடை மாதிரியான வாய்மூடி வாங்குங்கள், அதில் மூச்சிரைக்கவும் தண்ணீர் குடிக்கவும் முடியும். துணி வாய்மூடி வெயிலில் உயிருக்கே ஆபத்து.

பெண் நாய் பருவத்தில் இருக்கும்போது?

பெரும்பாலும் வருடத்துக்கு இரண்டு தடவை, சுமார் மூன்று வாரம். அந்த நாட்களில் ஆளில்லாத நேரமாகப் பார்த்துக் குட்டை நடை போதும், கேட்டைத் திறந்து வைக்காதீர்கள். தற்செயலாக இணை சேர்ந்தால் குட்டி மட்டும் பிரச்சினை இல்லை, பிறப்புறுப்பில் ஒட்டி வளரும் ஒரு வகைப் புற்றுநோயும் நம் தெருக்களில் அப்படித்தான் பரவுகிறது. கருத்தடை செய்வதுதான் நல்லது.

கழிவை நாம்தான் அள்ள வேண்டுமா?

ஆமாம். பழைய நாளிதழ் ஒரு தாள் போதும். கொக்கிப்புழு அதன் வழியாக மண்ணில் இறங்கி, வெறுங்காலோடு விளையாடும் பிள்ளைகளின் தோலுக்குள் புகுந்து சிவப்புக் கோடாக ஊரும். நாய் வளர்ப்பவர்களுக்குத் தெருவில் கெட்ட பெயர் வருவதும் முக்கால்வாசி இதனால்தான்.

தீபாவளிக்கு?

அரசு காலை ஒரு மணி நேரம், இரவு ஒரு மணி நேரம் என்று வைத்தாலும் ஒரு வாரம் முன்னாலேயே வெடி தொடங்கிவிடும். அந்த வாரம் முழுக்க விடியலுக்கு முன்னால் போங்கள், கழுத்துப் பெல்ட்டும் மார்புப் பட்டையும் இரண்டும் மாட்டி இரண்டு கயிறு பிடியுங்கள், பட்டையில் போன் எண் எழுதிய தகடு இருக்கட்டும். ஒரு சரவெடிக்கு மிரண்டு அறுத்துக்கொண்டு ஓடிய நாய் நான்கு தெரு தாண்டி நிற்கும், திரும்பி வரத் தெரியாது. ரொம்பப் பயப்படும் நாய் என்றால் இரண்டு வாரம் முன்னாலேயே மருத்துவரைப் பாருங்கள், நம் தூக்க மாத்திரையைக் கொடுக்காதீர்கள்.

உரிமம் கட்டாயமா?

சென்னையில் கட்டாயம். மாநகராட்சியின் இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம், வெறிநோய் ஊசிச் சான்று வேண்டும், வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். வேறு ஊர் என்றால் உங்கள் மாநகராட்சியிலோ நகராட்சியிலோ கேளுங்கள்.

நாய்க்கு வயதாகிவிட்டது, நடக்கச் சிரமப்படுகிறது. நிறுத்திவிடலாமா?

நிறுத்தாதீர்கள், குறையுங்கள். ஒரு மணி நேர நடைக்குப் பதிலாகப் பத்துப் பத்து நிமிடமாக மூன்று தடவை போங்கள். நகத்தை நீள விடாமல் வெட்டிவிடுங்கள், நீண்ட நகம் வழுக்கும். படியில் பழைய சாக்கை விரியுங்கள், இடுப்புக்கடியில் ஒரு துண்டைக் கொடுத்துத் தாங்கிப் பிடியுங்கள். எங்கள் லாப்ரடார் கடைசி ஒரு மாதம் நடக்கவில்லை. காலையில் கேட் வரை தூக்கிக்கொண்டு போய்ச் சாக்கில் படுக்க வைப்போம், தலையைத் தரையில் வைத்தபடியே மூக்கை மட்டும் ஆட்டி ஆட்டி மோந்துகொண்டிருக்கும். வெயில் கேட்டைத் தொட்டதும் உள்ளே தூக்கி வந்துவிடுவோம்.